வீடியோ பார்த்துச் சமைக்கச் சமையலறையில் தனியாக ஒரு திரை வைத்திருக்கிறீர்களா? எதை, எங்கே வைத்தீர்கள்?

தருமபுரி_மருமகள்:

கல்யாணமாகி தருமபுரி டவுனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பிறந்த வீடு லால்குடி பக்கம், அங்கே களி என்றால் திருவாதிரை அன்று செய்கிற வெல்லக் களி மட்டும்தான். இங்கே மாமனாருக்கு வாரத்தில் நான்கு நாளாவது ராகி களி வேண்டும். 2023-லிருந்து நம் மாவட்ட ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்களே, அதை ஒரு மாதம்கூட விடாமல் வாங்கி மில்லில் அரைத்து டப்பா நிறைய வைத்திருக்கிறார். இத்தனை நாள் அத்தை கிண்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது நாத்தனார் பிரசவத்துக்காக அத்தை பெங்களூரு போயிருக்கிறார், வர மூன்று மாதம் ஆகும். முடிகிற நாளெல்லாம் காலையில் வீடியோ காலில் வந்து சொல்லிக்கொடுக்கிறார். வர முடியாத நாளில், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த தாளைப் போட்டோ எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

பிரச்சினை போன்தான். உப்பு ஜாடியில் சாய்த்து வைப்பேன். உலை கொதித்து, மாவைக் கொட்டி, நடுவில் குழி போட்டு மூடி வைக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. கிண்ட ஆரம்பித்தால் இரண்டு கையும் துடுப்பில் இருக்கும். அந்த நேரம் பார்த்து வேறு யாராவது கூப்பிடுவார்கள், அத்தை முகம் போய்விடும். போட்டோ என்றால் அரை நிமிடத்தில் திரை அணைந்துவிடும். மாவுக் கையைக் கழுவித் துடைத்து போனைத் தட்டி எழுப்புவதற்குள் களி கட்டி தட்டிவிடுகிறது. போன வாரம் போன் சரிந்து புளிக்கரைசலிலேயே விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்தேன், இப்போது ஸ்பீக்கர் கரகரக்கிறது.

அதனால் தனியாக ஒரு திரை வைக்கலாம் என்று பார்க்கிறேன். வீட்டில் மூன்று இருக்கின்றன. கணவரின் பழைய 10 அங்குல டேப்லெட், திரை நன்றாக இருக்கிறது, சார்ஜ் ஒரு மணி நேரம்தான் நிற்கும். கொழுந்தனாருக்குப் பிளஸ் டூவில் கிடைத்த இலவச லேப்டாப். அப்புறம் சித்தப்பா வீட்டில் சும்மா கிடக்கும் 22 அங்குல மானிட்டர். சமையலறை எட்டுக்கு ஏழு அடிதான். அடுப்பு மேடையில் ஒரே ஒரு பிளக், அதிலும் மிக்ஸி. எதை வைக்கலாம், எங்கே வைக்கலாம்? வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அரூர்_அக்கா:

டேப்லெட்டையே வை தங்கச்சி. நான் மூன்று வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எதை என்பதைவிட எங்கே என்பதுதான் பெரிய விஷயம். எல்லோரும் அடுப்புக்கு நேர் பின்னால் டைல்ஸ் சுவரில் சாய்ப்பார்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்துத் திரையின் ஓரத்தை விரலால் தடவினேன், பழுப்பாக, வேப்பம்பிசின் மாதிரி ஒட்டியது. தாளிக்கும்போது எழும்புகிற எண்ணெய்ப் புகை நம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, அதன்மேல் மாவுத்தூசி ஒட்டி, ஸ்பீக்கர் ஓட்டை எல்லாம் அடைந்து போயிருந்தது. அதோடு சூடு வேறு. இந்தக் கருவிகளை 35 டிகிரிக்குள் உள்ள இடத்தில் வைத்துப் பயன்படுத்தத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். நம் ஊரில் சித்திரை வைகாசியில் வெளியிலேயே அதைத் தாண்டிவிடும், அடுப்புக்குப் பின்னால் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது பக்கவாட்டுச் சுவரில், அடுப்பிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி, என் கண் உயரத்துக்கு ஒரு சின்னப் பலகை அடித்து வைத்திருக்கிறேன். முன்னால் ஒரு விளிம்புக் கட்டை இருக்கிறது, சரியாது. மேடைமேல் வைத்தால் தண்ணீர் ஓடி வந்து அடியில் நிற்கும், குனிந்து குனிந்து கழுத்தும் வலிக்கும்.

துடைப்பதில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும், குடத்தில் உப்பு வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, அப்புறம் அதை எடுக்கத் தேய்த்துத் தேய்த்துக் கீறல். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததோ, ஆர்.ஓ. தண்ணீரோ, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் நாலு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கிற லிக்விடை நேராகத் திரையில் விடாதே.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் கிடைக்கிறதே, டேப்லெட்டை அதற்குள் போட்டு மூடினால் மாவுக் கையோடும் தொடலாம், மெல்லிய கவர் என்றால் தொடுவது அப்படியே வேலை செய்யும். ஆனால் விரல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கவர் போட்டாலும் திரை குழம்பும், நாம் ஒன்றைத் தொட்டால் அது வேறொன்றைத் திறக்கும். தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். சார்ஜ் போட்டபடி வைத்துக் கவரை மூடிவிடாதே, சூடு வெளியேற வழி இருக்காது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் திரை அணையாமல் இருக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் 'ஸ்டே அவேக்' என்பதை இயக்கிவிடு. சார்ஜரில் இருக்கும்வரை அணையாது.

காவேரிப்பட்டணம்_ஒயர்மேன்:

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் சார்ஜரில் இருந்தால் அணையாது என்றதும் இருபத்து நாலு மணி நேரமும் பிளக்கில் போட்டுவிடாதீர்கள் சிஸ்டர். ஒரு மணி நேரம்தான் சார்ஜ் நிற்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் பேட்டரிக்கு ஏற்கெனவே வயசாகிவிட்டது. லித்தியம் பேட்டரி நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் நின்று, கூடவே சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். முதலில் டேப்லெட்டை மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். ஆடாமல் தட்டையாக உட்கார்ந்தால் நல்லது. நடுவில் மேடு தட்டிச் சுற்றினாலோ, திரை ஓரம் பிரிந்து வெளிச்சம் தெரிந்தாலோ அதைச் சமையலறைக்குள் கொண்டுபோகவே கூடாது, பேட்டரியை மாற்றின பிறகுதான். அமுக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நல்ல பேட்டரி என்றால் சமைக்கும்போது மட்டும் பிளக்கைப் போடுங்கள், முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சில டேப்லெட்டில் 80 அல்லது 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி செட்டிங்ஸிலேயே இருக்கும், இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

பிளக் விஷயம்தான் எனக்குக் கவலை. ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மிக்ஸி, டேப்லெட் எல்லாவற்றையும் சொருகுவது நம் வீடுகளில் வழக்கம். மிக்ஸி 750 வாட்ஸ், சார்ஜர் 10 வாட்ஸ், இது இரண்டுக்கும் 6 ஆம்பியர் தாங்கும். ஆனால் நாளைக்கே கேஸ் தீர்ந்தது என்று அதே பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பைச் சொருகுவீர்கள். 2000 வாட்ஸ் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், பாக்ஸ் உருகிவிடும். ஒயர் சிங்க் பக்கம் தொங்குவதும் ஆகாது. பலகை அடிக்கிற இடத்துக்கு மேலேயே தனியாக ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துவிடச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. வருகிற ஆளிடம் வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கையோடு புழங்குகிற இடம், அது இல்லாமல் இருக்கக் கூடாது.

ஓசூர்_நைட்_ஷிப்ட்:

சமையலுக்கு 22 அங்குலம் அதிகம் என்பார்கள், ஆனால் எழுத்தைத் தள்ளி நின்று படிக்க அதுதான் எனக்குச் சரிப்பட்டது. நான் தனியாக இருக்கிறேன், ராத்திரி வேலை முடிந்து வந்து சமைப்பேன், கண் சோர்ந்திருக்கும். சமையலறை வாசலுக்கு வெளியே ஹால் சுவரில் மானிட்டரை மாட்டிவிட்டேன், உள்ளே இருந்தே தெரிகிறது, எண்ணெயும் ஆவியும் அங்கே வருவதில்லை. உங்களுக்கு எட்டுக்கு ஏழு அடி என்றால் இது யோசிக்க வேண்டிய வழி. பின்பக்கம் நாலு திருகு ஓட்டை இருக்கிறதா, ஒன்றுக்கொன்று 10 சென்டிமீட்டரா 7.5 சென்டிமீட்டரா என்று அளந்து அதற்கேற்ற சுவர் பிராக்கெட் வாங்க வேண்டும்.

ஆனால் சித்தப்பா வீட்டு மானிட்டரின் பின்னால் என்ன சொருகு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழையது என்றால் நீல நிற விஜிஏ மட்டும் இருக்கும். டிவியில் சொருகுகிற ஸ்டிக் எல்லாம் எச்டிஎம்ஐ. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும், விஜிஏவில் சத்தம் போகாது, அதனால் ஆடியோ ஓட்டையும் உள்ள கன்வெர்ட்டராக வாங்கித் தனி ஸ்பீக்கர் வைக்க வேண்டும். இதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் டேப்லெட்டின் பேட்டரியை மாற்றுவதே மலிவாக முடியலாம்.

போனைப் பெரிய திரையில் அப்படியே காட்டுவதாக இருந்தால் ஓடிபி, பேங்க் மெசேஜ், சொந்தக்காரர் அனுப்புகிறது எல்லாம் சுவரில் வந்து நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். நோட்டிபிகேஷனை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இலவச லேப்டாப்பை ஒதுக்கிவிட வேண்டாம். பேட்டரி போயிருந்தாலும் கழற்றிவிட்டு அடாப்டரில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். யூடியூப் பார்த்துச் சமைப்பவர்களுக்குக் கீபோர்டு போல வராது. ஸ்பேஸ் பட்டனை முழங்கையால் அழுத்தினால் நிற்கும், திரும்ப அழுத்தினால் ஓடும். ஜே எழுத்து 10 நொடி பின்னால் போகும். நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே முழங்கையால்தான் ஓட்டுகிறேன். கீபோர்டு மேல் ஒரு பாலிதீன் தாளை விரித்துவிடுவேன்.

தருமபுரி_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒயர்மேன் அண்ணா சொன்னபடி டேப்லெட்டை மல்லாக்க வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்று சித்தப்பா போட்டோ அனுப்பினார், அதை விட்டுவிட்டேன். டேப்லெட்டில் யூடியூப் ஆப் 'இந்தக் கருவியில் இனி ஓடாது' என்கிறது, குரோமில் திறந்தால் ஓடுகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

அரூர்_அக்கா:

வைத்துக்கொள். ஆனால் அப்டேட் வராத பழைய கருவியில் பேங்க் ஆப், உன் முக்கிய மெயில் எதுவும் இருக்கக் கூடாது. ஒருமுறை முழுதாக அழித்துவிட்டு, சமையலுக்கென்று தனி மெயில் கணக்கு போட்டுக் கொடு.

தேன்கனிக்கோட்டை_ஓய்வாசிரியர்:

அம்மா, எல்லோரும் திரையைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். நான் கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவி மகளுக்கு இப்படித்தான் போனில் களி சொல்லிக்கொடுத்தாள், மகள் இருப்பது கோவையில். முதல் பத்து நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவோ மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டியை யாரும் பார்க்கவில்லை. களி சொல்லிக்கொடுப்பவருக்கு மாவு வெந்துவிட்டதா, குழியிலிருந்து தண்ணீர் மேலே கொப்பளித்து வருகிறதா, கிண்டும்போது களி துடுப்போடு சுருண்டு வருகிறதா என்பது தெரிய வேண்டும். அத்தையை நீங்கள் பார்ப்பதைவிட அத்தை உங்கள் சட்டியைப் பார்ப்பதுதான் அவசியம்.

அதனால் இரண்டையும் பயன்படுத்துங்கள். கூகுள் மீட்டில் ஒரே அழைப்பில் போனிலிருந்தும் டேப்லெட்டிலிருந்தும் சேரலாம். போனைச் சட்டிக்குப் பக்கவாட்டில், கைக்கெட்டாத தூரத்தில், பின் கேமரா சட்டியைப் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நேர் மேலே வைத்தால் ஆவி லென்ஸை மறைத்துவிடும். டேப்லெட்டில் அத்தை தெரியட்டும். போனில் மைக், சத்தம் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து கீச்சென்று கத்தும்.

இன்னொன்று. கிண்டும் நேரத்தில் திரையைப் பார்க்காதீர்கள். எங்கள் அம்மா பானையைத் தரையில் இறக்கி, கவட்டைக் கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கிண்டுவார், கண் பானையை விட்டு நகராது. நீங்களும் அடுப்பை அணைத்துச் சட்டியைக் கீழே இறக்கிவிட்டே கிண்டுங்கள், மேடை உயரத்தில் தோள் பலம் போதாது. அந்த இரண்டு மூன்று நிமிடம் அத்தையின் குரல் மட்டும் போதும்.

தருமபுரி_மருமகள்:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஜன்னல் பக்கச் சுவரில் பலகை அடித்து, மேலே தனி பாயிண்ட் இழுத்தாகிவிட்டது. ஆர்.சி.சி.பி. இல்லை என்று தெரிந்து அதையும் போட்டுவிட்டோம். ஐயா சொன்னபடி போன் சட்டியைப் பார்க்கிறது, அத்தை டேப்லெட்டில் இருக்கிறார். முதல் நாளே, நான் மாவைப் போட்டதும், 'குழி சின்னது, துடுப்புக் காம்பால் இன்னும் அகலப்படுத்து' என்றார். ஏழு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தும் இந்தக் குழி எவ்வளவு அகலம் என்பதை நான் கவனித்ததே இல்லை. இத்தனை நாள் கட்டி தட்டியது அதனால்தான், நடுவில் தண்ணீர் ஏறாமல் மாவு வேகவே இல்லை. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர், நொய் ஒரு பிடி, எங்கள் வீட்டு மாவுக்கு இது சரியாக இருக்கிறது.

நேற்று கட்டியே இல்லை. தண்ணீர் தொட்டு உருட்டித் தட்டில் வைத்தேன், மாமனார் கீரைக் கடைசலோடு இரண்டு உருண்டை சாப்பிட்டார். அத்தை அந்தப் பக்கம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரே சிக்கல், குழம்புக்கு மிக்ஸி ஓடும்போது அத்தை பேசுவது கேட்கவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாமா, இல்லை அரைக்கிற வேலையை எல்லாம் முன்னாலேயே முடித்துவிட்டுக் கூப்பிடுவதா?

அரூர்_அக்கா:

முன்னாலேயே அரைத்துவிடு. ஸ்பீக்கர் வாங்கினாலும் மிக்ஸிக்கு மேல் கேட்காது, நான் வாங்கிப் பார்த்துவிட்டேன்.