பொருள்: கிரவுன் சத்தத்துக்குக் கலைச்சொல் – 'முரல்வு' குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளின் பின்னச்சில், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பற்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) இணையிலிருந்து எழும் 'உய்ங்' என்ற நீண்ட ஓசைக்குச் சிணுங்கல், ரீங்காரம், இரைச்சல் என மூன்று சொற்கள் இதுவரை இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. தேர்ந்தெடுக்கும் சொல் பழுதுபார்ப்புக் கையேட்டில் இடம்பெறப்போவதால், அது செவிக்கு இனிமையாக இருக்கிறதா என்று ஆராய்வதைவிட, அதைக் கேட்ட மெக்கானிக் எந்தப் பாகத்தின் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பார் என்று ஆராய்வதே நமக்குப் பொருத்தமான அளவுகோல் என்று கருதுகிறேன்.

இரைச்சலை முதலில் விலக்கிவிடலாம். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸும் மீனும் ஏற்றிச் செல்லும் வண்டியொன்றின் ஓட்டுநர், 'கியர்பாக்ஸ் இரையுது' என்று சொன்னதை அப்படியே ஏற்று, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார்கள். குறையேதும் தென்படாததால் மறுபடி மாட்டினார்கள். வண்டி அதே ஓசையோடு வெளியே வந்தது. பினியன் ஆயில் சீல் கசிந்து, டிஃபரன்ஷியலில் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இரைச்சல் என்ற சொல் கடலுக்கும் மழைக்கும் சந்தைக்கும் பொதுவானது. பல ஓசைகள் ஒன்றாய்க் கலந்து கேட்பதையே அது குறிக்கிறது. நாம் பெயர் தேடும் ஓசைக்கோ ஒரே சுருதிதான் உண்டு. வண்டியின் வேகம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

அந்தச் சுருதியைக் கணக்கிட்டே காட்டலாம். கிரவுனில் 41 பற்கள், பினியனில் 10 பற்கள், சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 476 முறை சுற்றும். ஆகவே பற்கள் நொடிக்குச் சுமார் 325 முறை ஒன்றோடொன்று பொருந்தி விலகும். காதில் விழும் உய்ங்காரம் இந்த 325 ஹெர்ட்ஸ்தான். அதே வேகத்தில், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 33 சுற்றுகளே சுற்றுவதால், அதன் சமநிலை கெட்டாலோ அதன் மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்தாலோ அது காதுக்கு எட்டுவதற்கு முன்பே கால்பலகையில் அதிர்வாகத் தெரிந்துவிடும். சக்கர பேரிங் தேய்ந்தால் வரும் ஒலி கரடுமுரடானது. வண்டியை இடமும் வலமுமாக மெல்ல வளைத்து ஓட்டும்போது, பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதற்கேற்ப அது கூடும், குறையும். இதற்கு 'உறுமல்' என்ற சொல் ஏற்கெனவே பட்டறைகளில் புழங்குகிறது. எனவே அதிர்வு, உறுமல் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவதான இந்த 'உய்ங்' ஓசைக்கு மட்டும் புதுச்சொல் காண்பது போதும்.

சிணுங்கல் 'whine' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழலாக வந்தது. குழந்தையின் சிணுங்கலில் உள்ள விட்டுவிட்டு எழும் தன்மை இந்த ஓசையில் இல்லை. ரீங்காரத்தை எதிர்ப்பதற்கு எனக்கு வலுவான காரணம் இல்லை. ஒலியை அது சரியாகவே குறிக்கிறது. ஆனால் கீழே சொல்லப்போகும் வகைப்பாட்டுக்கு முன்னொட்டுகளைச் சேர்த்தால் அது நாவில் எளிதாகப் புரளாது. 'முரல்' என்ற வினையோ வண்டு முரல்வதையும் யாழ் முரல்வதையும் குறித்துப் பழந்தமிழிலேயே வழங்கியது. ஒற்றைச் சுருதியில் நீளும் மெல்லொலி என்ற பொருள் அதில் இயல்பாகவே இருக்கிறது. காசிமேட்டில் முரல் என்றால் நீண்ட மூக்குடைய மீன் என்பதை நான் மறக்கவில்லை. 'வண்டியில் முரல் இருக்கிறதா?' என்று கேட்டால் கூடையைத் திறந்து காட்டிவிடுவார்கள். அதனால்தான் வெறும் முரலாக விடாமல், 'நிகழ்' என்ற வினையிலிருந்து 'நிகழ்வு' வருவதைப் போல 'முரல்வு' என்று ஆக்கிக்கொள்ளலாம் என்கிறேன்.

இந்தச் சொல்லின் உண்மையான பயன் அதன் கூட்டுச்சொற்களில்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டி இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் பாரத்தைத் தாங்குகிறது. காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், பாரம் மறுமுகத்துக்கு மாறுகிறது. முன்னதில் மட்டும் எழுவதை 'இழுமுரல்வு' என்றும், பின்னதில் மட்டும் எழுவதை 'விடுமுரல்வு' என்றும் அழைக்கலாம். இழுவிசை, விடுமுறை போன்ற வினைத்தொகைகள் நமக்குப் பழகியவைதாம். இழுவையும் இல்லாமல் பின்னிழுப்பும் இல்லாமல் ஒரே வேகத்தில் மிதந்து செல்லும்போது கேட்பதற்குச் 'சமன்முரல்வு' என்ற சொல்லைத் தயக்கத்தோடு வைக்கிறேன். காலை எடுத்ததும் ஓசை எழுகிறது என்றால், பினியன் பேரிங்கின் முன்னிறுக்கம் (பொருத்தும்போதே பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கம்) தளர்ந்திருக்கிறதா என்று, பினியன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு இணையும் ஃப்ளேஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது முதல் வேலை. ஆகவே 'விடுமுரல்வு' என்று வேலைச்சீட்டில் எழுதினாலே சோதனையின் பாதி எழுதியாகிவிடும்.

முரல்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறியும் முறையையும் வரையறையோடு சேர்த்தே அச்சிட வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கும்போதே அந்த ஓசை கேட்டால் டிஃபரன்ஷியலைத் தொடக்கூடாது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் உள்தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். விசை துணைத்தண்டு வழியே போகாமல் நேரிணைப்பாக அமையும் நான்காம் கியரில் மறைந்து மற்ற கியர்களில் கேட்டால் துணைத்தண்டின் பக்கம் பார்க்கலாம். எந்தக் கியரில் போனாலும், வேகம் ஒன்றாக இருக்கும்வரை சுருதியும் ஒன்றாகவே இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். இவற்றைச் சோதிக்க ஒரே வேகத்தில் சிறிது தொலைவு ஓட்ட வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் வேளையில் அது நடவாது.

கிரவுன், பினியன் என்ற இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உதிரிபாகக் கடையில் 'கிரவுன் பினியன் செட்' என்று கேட்டால் அந்த இணை சரியாகக் கைக்கு வருகிறது. 'முடிப்பல்லிணை' என்று எழுதிக்கொடுத்தால் கடைப்பையன் வெறுங்கையோடு திரும்புவான்.

முரல்வு, இழுமுரல்வு, விடுமுரல்வு ஆகிய மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். சமன்முரல்வைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் அதைக் கைவிட எனக்குத் தடையில்லை. 'முன்னிறுக்கம்' பற்றித் தனி இழையில் பேசலாம்; பேரிங்கை எவ்வளவு இறுக்குவது என்ற அளவும் அதோடு சேர்ந்து வரும் என்பதால் அதை இங்கே கலக்க வேண்டாம்.