மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தில் பளிங்கைப் படமெடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மிஷனரி ஊழியத்தில் இருக்கிறோம். ஓய்வு நாளான திங்கட்கிழமை நானும் மனைவியும் வூர்ட்ரெக்கர் நினைவுச்சின்னம் போய் வந்தோம். 1949-இல் திறந்த கருங்கல் கட்டடம். உள்ளே 27 பளிங்குப் பலகைகளில் போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) முன்னோடிகளின் நெடும்பயணம் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. 1837-இல் கிரஹாம்ஸ்டவுன் ஊர் ஆங்கிலேயர் போயர் தலைவர் யாக்கோபஸ் உய்ஸுக்கு வேதாகமம் கொடுக்கும் பலகைதான் சபையில் காட்ட எங்களுக்கு வேண்டும்.

பிரச்சினை: அந்த மண்டபத்தின் பெரிய வளைவு ஜன்னல்களில் மஞ்சள் கண்ணாடி. படத்தில் வெள்ளைப் பளிங்கு தேன் நிறமாக விழுகிறது. மடிப்புகளில் விவரமே இல்லை.

ஆண்ட்ராய்டு போன், ப்ரோ மோடு, ரா ஃபைல் (போன் மெருகேற்றாத மூலப் படம்), ஐஎஸ்ஓ 100, பகல் 11 மணி. ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) 2500 கெல்வின் வரை இறக்கினால் வெளிச்சப் பக்கம் வெளுக்கிறது, நிழலோ ஊதாவாகிறது. சாம்பல் அட்டை வைத்துத் திருத்தினால் நீலச் சேனலில் (படத்தின் நீல நிறப் பதிவில்) புள்ளி புள்ளியாக இரைச்சல். கண்ணாடி நீலத்தை வடிகட்டிவிடுவதே காரணம். கருப்பு வெள்ளையாக்கினால் தப்பிக்கலாம், ஆனால் கல்லின் இயல்பு நிறம் போய்விடும்.

ஃபிளாஷ் இல்லாமல், நீலச் சேனல் கெடாமல் இந்தப் பளிங்கின் நிறத்தைப் பிடிக்க எக்ஸ்போஷரை எப்படி வைக்க வேண்டும்?