கொம்பு ஓணானைக் கையில் பிடித்தவர்கள்: உங்கள் அனுபவம்?

நுவரெலியாக்காரன்
போன தை மாதம். காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடித்தான் கல்வேஸ் லேண்ட் காட்டுக்குள் போனேன். குருவி தென்படவில்லை. பாதையோரம் பாசி மூடிய ஒரு கிளையில், என் முகத்துக்கு நேரே கொம்பு ஓணான். மூக்கு நுனியில் அந்த வெள்ளைக் கொம்பு, இப்போதுதான் சீவி வைத்தது போல. கொம்பு பெரிது, அதனால் ஆண்தான். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

பின்னால் வந்த ஒருவர் எட்டிப் பிடித்து, தன் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தார். அப்புறம் புல்லில் போட்டுவிட்டு நடந்துவிட்டார்கள். “விடுங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் உறுத்துகிறது.

கண்டிப் பிள்ளை
நான் பார்த்தது ஓணான் இல்லை, இடம் கண்டி உடவத்தகலே. டவுனுக்குப் பின்னால் நூறு ஹெக்டேர் அளவு காடு, என்ன இருக்கப் போகிறது என்பார்கள். விடியற்காலை, பெரிய கொடி தொங்கும் இடத்தில் ஒரு சருகுமான் நின்றது. கால்கள் பென்சில் தடிமன்தான். உடம்பில் வெள்ளைப் புள்ளி. ஓடாமல் என்னையே பார்த்தது. நான் மூச்சு விட்டதும் மறைந்துவிட்டது.

மேமலை அக்கா
நுவரெலியாத் தம்பி, பெண்ணுக்கும் கொம்பு உண்டு, சிறிதாக இருக்கும். கொம்பைப் பார்த்ததுமே ஆண் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் தேயிலை மலைக்கு மேலே உள்ள சோலையில் நான் பார்த்தது சின்னக் கொம்போடுதான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபோது கூடை விளிம்பில் இருந்தது. கூடையை அப்படியே கிளையோடு ஒட்டிப் பிடித்தேன், தானாக ஏறிப் போனது.

பழைய பயணி
2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் நெலு (குறிஞ்சி வகைச் செடி) பூத்ததைப் பார்த்தேன். ஊதாப் பூவுக்கு நடுவில் ஒரு பெண் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சிலதைச் சொல்ல வேண்டும். நெலு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், விதை விட்டதும் செடி பட்டுப்போகும். ஒடித்த கொத்து விதையாகாது. அந்த விதையைக் காட்டுக்கோழி தேடி வரும். ஓணான் விஷயம் இன்னும் மோசம்: வெளிநாட்டுக்குச் செல்லப் பிராணியாகக் கடத்துகிறார்கள், அதனால் 2019இல் இலங்கையின் கொம்பு ஓணான்களை சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தார்கள். யாராவது பிடித்தால் சண்டை போட வேண்டாம். “எடுத்த கிளையிலேயே வையுங்க” என்று சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் வாசலில் இருக்கும் காட்டு அலுவலரிடம் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் போகிறீர்களென்றால் காற்சட்டையைக் காலுறைக்குள் திணித்துவிட்டு, மேலே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. ஏறிவிட்டால் இழுக்காமல் நகத்தால் வாய்ப் பக்கமாக நெம்பி எடுங்கள்.

நுவரெலியாக்காரன்
அக்கா சொன்னது சரி, ஆண் என்றது என் ஊகம். அடுத்த ஞாயிறு காலை அந்தக் கிளையைப் போய்ப் பார்க்கிறேன்.