கான்டோனீயம் பேசும் மாணவிக்கு ஆங்கில இலக்கணமும் வாசிப்பும்: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

திருநகர் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற ஆண்டு ஹாங்காங்கில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, கான்டோனீயம் என்னும் சீன மொழி பேசும் எதிர்வீட்டுப் பெண் மாலை நேரங்களில் ஆங்கிலப் பாடத்தில் சந்தேகம் கேட்டு வரத் தொடங்கினாள். மதுரை திரும்பிய பிறகும் அவளுடைய தாயார் கேட்டுக்கொண்டதால், வாரத்தில் மூன்று நாள், நமக்கு மாலை 5 மணியும் அவர்களுக்கு இரவு 7.30 மணியுமாக இருக்கும் நேரத்தில், காணொளி வழியாகப் பாடம் தொடர்கிறது. அவள் படிப்பது நான்காம் படிவம், அதாவது நம் பத்தாம் வகுப்பு வயது. ஆறாம் படிவ முடிவில் டி.எஸ்.இ. என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும்.

அவள் உழைப்பில் குறையே இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் இருபதுக்குப் பதினெட்டு வாங்கிவிடுகிறாள். 'கோ' என்பதன் இறந்தகால வடிவம் எது என்று கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் 'வென்ட்' என்கிறாள். அதே பெண் அன்று மாலை சொந்தமாக எழுதிய முதல் வாக்கியம், 'யெஸ்டர்டே ஐ கோ டு லைப்ரரி அண்ட் பாரோ டூ புக்'. அடுத்த வாக்கியத்தில் 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட்' என்று இரண்டு இணைப்புச் சொற்களையும் சேர்த்தே போடுகிறாள். தன் பாட்டியைப் பற்றி எழுதும்போது மூன்று வரிக்குள் பாட்டி 'ஹீ' ஆகிவிடுகிறார்.

வாசிப்பில் வேறு விதமான சிக்கல். பத்தியில் தெரியாத சொல் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சீன எழுத்தில் பொருள் எழுதிக்கொள்கிறாள். பக்கம் முழுவதும் நிரம்பிவிடுகிறது. ஆனால், 'இந்த வாக்கியத்தில் யார் என்ன செய்தார்?' என்று கேட்டால் விழிக்கிறாள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எங்கே இடறும் என்று எனக்குத் தெரியும், தமிழிலேயே விளக்கிக் கைதூக்கிவிடவும் முடியும். இவளுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பதோ ஆங்கிலம் மட்டுமே. இலக்கணத்தை முடித்துவிட்டு வாசிப்புக்குப் போவதா, இரண்டையும் சேர்த்தே நடத்துவதா? சீன மொழி அறிந்தவர்கள் யாரேனும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேலூர் மருத்துவர்

வணக்கம் டீச்சர். நான் மருத்துவம் படித்தது சீனாவில். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்து, நோயாளிகளிடம் பேசும் அளவுக்கு மாண்டரின் என்னும் பொதுச் சீன மொழியைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாணவி பேசுவது கான்டோனீயம் என்றாலும் நான் சொல்லப்போகும் கூறுகளில் இரண்டும் ஒன்றுபோலவே நடக்கின்றன.

முதலில் காலம். சீன வினைச்சொல்லுக்குக் கால இடைநிலை கிடையாது. 'போ' என்பது நேற்றும் 'போ', நாளையும் 'போ'. நேற்று, நாளை என்ற சொற்களே காலத்தைச் சொல்லிவிடும். ஆகவே 'யெஸ்டர்டே' என்று எழுதியவுடன் அந்தப் பெண்ணின் மனத்தில் காலம் சொல்லி முடிந்துவிட்டது. அதற்கு மேலும் வினையை மாற்றுவது, சொன்னதையே இரண்டாம் முறை சொல்வதாக அவளுக்குப் படும். மாண்டரினில் 'லெ', கான்டோனீயத்தில் 'ஜோ' என்று வினைக்குப் பின் வரும் ஓர் ஒட்டு உண்டு. பல மாணவர்கள் அதைத்தான் ஆங்கிலத்து இறந்தகாலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது நம்முடைய 'விடு' என்னும் துணைவினைக்கு நெருக்கமானது. 'சாப்பிட்டுவிட்டேன்' என்கிறோம், 'நாளைக்குள் முடித்துவிடுவேன்' என்றும் சொல்கிறோம் அல்லவா? செயல் முடிவுற்றதை அது காட்டுகிறதே தவிர, எப்போது என்பதைக் காட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை ஒரு நாள் முழுவதும் ஒதுக்கி அவளுக்கு விளக்கினாலும் தகும்.

'டூ புக்' என்பதற்கும் காரணம் உண்டு. நம் இலக்கண நூல்கள் பால்பகா அஃறிணை என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்: மாடு வந்தது, மாடு வந்தன. சீனத்தில் ஏறத்தாழ எல்லாப் பெயர்ச்சொல்லும் அந்த வகைதான். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் அளவைச்சொல் ஒன்று வர வேண்டும். புத்தகத்துக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று என்று அவை பல. பன்மை ஈறு தேவைப்படுவதில்லை. 'ஹீ', 'ஷி' குழப்பமும் கவனக்குறைவு அன்று. எழுத்தில் அவன், அவள் என்று வேறுபடுத்தினாலும் பேச்சில் ஒரே ஒலிதான்; மாண்டரினில் 'தா', கான்டோனீயத்தில் 'கியோய்'. தமிழ்ப் பிள்ளைக்கு வந்தான், வந்தாள் என்று வினையே பாலைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழக்கம் இல்லாதவளுக்குப் பேசும் வேகத்தில் அது தோன்றாது. 'ஆல்தோ', 'பட்' இரண்டையும் சேர்ப்பதும் அவர்கள் மொழியில் முறையான வாக்கிய அமைப்பு. 'பிகாஸ்' போட்டால் 'ஸோ' போடுவதும் அப்படியே. தாய்மொழியில் சரியாக இருக்கும் ஒன்றைச் செய்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் திருத்தினால் அவள் முகம் வாடாது.

ஒலியையும் கவனியுங்கள். கான்டோனீய அசைகள் உயிரிலோ, ம், ன், ங் என்னும் மெல்லொலிகளிலோ, ப், ட், க் என்று அடைபட்டு நிற்கும் ஒலிகளிலோ முடியும். 'வாக்ட்', 'டெஸ்க்ஸ்' போன்ற கடைசி மெய்க்கூட்டம் அவர்கள் நாவுக்குப் புதிது. நம்மவர்கள் 'வாக்டு' என்று ஓர் உகரம் சேர்த்துச் சமாளிக்கிறோம். அவர்களில் பலர் கடைசி மெய்யையே விட்டுவிடுகிறார்கள். காதில் விழாததும் வாயில் வராததும் எழுதும் கையிலும் தங்காது. வாரத்தில் ஒரு நாளாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, வினையின் கடைசி ஒலியை மட்டும் கேட்டுத் திருத்துங்கள்.

தல்லாகுளம் வாசகர்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துபவன் நான். மருத்துவர் சொன்னது அனைத்தும் ஏற்கத்தக்கதே. ஆனால், இலக்கணத்தை முடித்த பிறகு வாசிப்பு என்னும் வரிசையை நான் முழுமையாக மறுக்கிறேன். கோடிட்ட இடத்தில் பதினெட்டு வாங்குபவளுக்கு விதி தெரியும். அந்த விதி ஒரு பத்திக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் அவள் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வாசிப்பைத் தவிர வேறு இடம் கிடையாது.

நான் வகுப்பில் பயன்படுத்தும் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'த ஜாஸ்மின் தட் த விமன் பிளக் பிஃபோர் சன்ரைஸ் லூசஸ் ஹாஃப் இட்ஸ் பிரைஸ் பை நூன்.' இதில் எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்த மாணவரிடம், 'விலை இழப்பது எது?' என்று கேட்டால், 'சன்ரைஸ்' என்று விடை வருவதுண்டு, ஏனென்றால் 'லூசஸ்' என்பதற்கு ஒட்டினாற்போல் நிற்பது அந்தச் சொல்தான். தமிழில் 'பெண்கள் விடியுமுன் பறிக்கும் மல்லிகை' என்கிறோம். அடைமொழி முழுவதும் முன்னால் வந்து, பெயர் கடைசியில் நிற்கிறது. நானறிந்தவரை சீனத்திலும் இதே வரிசைதான். ஆங்கிலம் ஒன்றுதான் பெயரை முதலில் சொல்லிவிட்டு, விளக்கத்தைப் பின்னால் கட்டி இழுத்து வருகிறது. ஆகவே, டீச்சர், நீங்களும் அந்தப் பெண்ணும் இந்த இடத்தில் ஒரே கரையில் நிற்கிறீர்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இந்த இடறல் எளிதில் தென்படாது, உங்களுக்குத் தென்படும்.

பயிற்சி இதுதான். அகராதியைத் தொடாமல் பத்தியை ஒருமுறை கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினையின் கீழ் கோடிட்டு, அதன் எழுவாயைத் தேடி அம்புக்குறி போடட்டும். 'தட்', 'விச்', 'ஹூ' தொடங்கும் பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்து, அதை விட்டுவிட்டு வாசித்துப் பார்க்கட்டும்: மல்லிகை விலை இழக்கிறது. எலும்புக்கூடு கிடைத்துவிட்டால் சதை தானே வந்து ஒட்டும். பிறகு 'இட்ஸ்' எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். எலும்புக்கூட்டுக்குத் தடையாக நிற்கும் சொல்லுக்கு மட்டும் அகராதி. மற்றவற்றைச் சூழலிலிருந்து ஊகிக்க விடுங்கள். ஒரு பாடத்துக்கு எட்டு வாக்கியம் போதும். இருபது பக்கப் பயிற்சித்தாளை விட இது மேல் என்று துணிந்து சொல்வேன்.

காலத்துக்கும் இதே பத்தி உதவும். 'லூசஸ்' என்பது அன்றாடம் நடப்பது. 'நேற்று மழை பெய்தது, பூ வரத்துக் குறைந்தது' என்று ஒரு வாக்கியத்தை அதன்கீழ் எழுதச் சொல்லுங்கள். அன்றாடம் நடப்பதையும் ஒருநாள் நடந்ததையும் அடுத்தடுத்து எழுதும்போதுதான் வினை ஏன் மாற வேண்டும் என்பது கைக்குப் புரியும்.

இதோடு, கடினமான பாடப்பத்தி மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு ஒருபோதும் சரளமாகாது. பக்கத்துக்கு இரண்டு மூன்று புதுச்சொல் மட்டுமே வரும் எளிய கதைநூல்களை நாளும் அரைமணி நேரம் படிக்கட்டும். புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துச் சிறுவர் பிரிவில் ஒரு பகல் உட்கார்ந்து பார்த்தால், எந்த வகை நூல் அவளுக்குப் பொருந்தும் என்று உங்களுக்குத் தெளிவாகிவிடும். அதே வகையை அவள் தன் ஊர் நூலகத்தில் தேடிக்கொள்ளலாம்.

கவுலூன் மதுரைக்காரர்

அம்மா, என் மகளும் அந்தத் தேர்வை எழுதியவள் என்பதால் தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2012 முதல் நடக்கும் இந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்கான வாசிப்புத்தாள் ஒன்றரை மணி நேரம், மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு. 'ஏ' பகுதி எல்லாருக்கும் கட்டாயம். அதன்பின் 'பி1' என்னும் எளிய பகுதியையோ 'பி2' என்னும் கடினப் பகுதியையோ தேர்ந்தெடுக்கலாம். எளியதை எடுத்தால் அந்தத் தாளில் நான்காம் நிலைக்கு மேல் கிடைக்காது. இதை அறியாமல் பயத்தால் எளியதிலேயே பழகிவிடும் பிள்ளைகள் உண்டு. நான்காம் படிவத்திலேயே இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக்கிவிடுங்கள். 'இந்த வரியில் வரும் இட் எதைக் குறிக்கிறது' என்ற வகைக் கேள்வி அதில் வழக்கமாக வரும். தல்லாகுளத்து ஐயா சொன்ன அம்புக்குறிப் பயிற்சி அதற்கு நேரடியாக உதவும்.

திருநகர் ஆசிரியை

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. ஆறு வாரம் நடத்திப் பார்த்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

'லெ', 'ஜோ' பற்றித் தம்பி மருத்துவர் எழுதியதை ஆங்கிலத்தில் எளிமையாக்கி அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இத்தனை ஆண்டுகளில் யாரும் தன்னிடம் இப்படிச் சொன்னதில்லை என்றாள். அன்றிலிருந்து எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் தனியே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தாளை ஒளிப்படக்கருவி முன் காட்டுகிறாள். பேச்சில் இன்னும் 'கோ' தான் வருகிறது. எழுத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 'ஆல்தோ', 'பட்' சேர்வது முற்றிலும் நின்றுவிட்டது. 'ஹீ', 'ஷி' மட்டும் அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை.

மல்லிகை வாக்கியத்தை அப்படியே கொடுத்தேன். நீங்கள் எழுதியிருந்தபடியே முதல் விடை 'சன்ரைஸ்' என்றுதான் வந்தது. 'தட்' தொடங்கி 'சன்ரைஸ்' வரை அடைப்புக்குறி போடச் சொன்னேன். போட்டுவிட்டு, 'லூசஸ்' என்ற சொல்லின் கீழ் பென்சிலை வைத்து, அப்படியே பின்னோக்கி நகர்த்தி அடைப்புக்குறியைத் தாண்டி 'ஜாஸ்மின்' மேல் நிறுத்தினாள். அதன்பின் விடியுமுன் பறிப்பது ஏன், நண்பகலில் விலை விழுவது ஏன் என்று அவளே கேட்கத் தொடங்கினாள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதிகாலை ஏலம் போவதையும், வெயில் ஏற ஏற மொட்டு வாடத் தொடங்குவதையும், வாடிய பூவைக் கட்டுவோர் வாங்கத் தயங்குவதையும் சொன்னேன். நான் சொன்னதை அவள் ஐந்து வாக்கியமாக எழுதி அனுப்பினாள். நான்கில் வினை சரியாக இருந்தது.

மேலூர் மருத்துவர்

டீச்சர், அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சீனத்தில் மல்லிகைக்கு மாண்டரின் ஒலிப்பில் 'மோலி' என்று பெயர். மல்லிகா என்ற வடசொல்தான் அங்கே போய் அப்படி ஆயிற்று.

திருநகர் ஆசிரியை

சொன்னேன் தம்பி. தன் பாட்டி வீட்டு மாடத்தில் அந்தச் செடி ஒன்று தொட்டியில் இருக்கிறதாம். நேற்று இரவு அனுப்பிய தாளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறாள்: 'த ஃப்ளவர் தட் மை கிராண்ட்மதர் குரோஸ் ஆன் த பால்கனி ஹேஸ் த சேம் நேம் இன் மதுரை.' விளக்கம் பெயருக்குப் பின்னால் தன் இடத்தில் நிற்கிறது. அதற்கு அடுத்த வரியில் முதலில் 'ஹீ வாட்டர்' என்று எழுதி, 'ஹீ' என்பதை அடித்து 'ஷி' ஆக்கியிருக்கிறாள். 'வாட்டர்' என்பதன் கடைசி 'ஸ்' மட்டும் விடுபட்டிருக்கிறது. திங்கட்கிழமை அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லப் போகிறேன்.