அம்மா, இரண்டு பிள்ளைகளோடு விசாகப்பட்டினம்: மூன்று நாள் திட்டம் சரியா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். டிசம்பர் கடைசியில் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் விசாகப்பட்டினம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, ஒரு நாள் அதிகமாகப் படி ஏறினால் மறுநாள் கால் வீங்கிவிடும். மகன் ஒரு வருடமாக நீர்மூழ்கிக் கப்பல் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதற்குள் போயே ஆகவேண்டும் என்கிறான். மகளுக்குக் கடலில் குளித்தால் போதும்.

அம்மாவின் ஆசை வேறு. அப்பா 1979 முதல் 1982 வரை அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தார். கல்யாணமான கையோடு அம்மா குடித்தனம் போனது அந்த ஊருக்குத்தான். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. "சிந்தியா பக்கம் ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அது எங்கே இருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

சென்னையிலிருந்து ரயில். ஞாயிறு இரவு போய்ச் சேர்கிறோம். திங்கள் காலை ஆர்.கே. பீச்சில் குளியல், பிறகு அங்கேயே கரையில் மியூசியமாக நிறுத்தியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல். செவ்வாய் அரக்குப் பள்ளத்தாக்கு, போரா குகை. புதன் சிம்மாசலம் நரசிம்மர் கோயில், விசாகா மியூசியம், ருஷிகொண்டா கடற்கரை, இரவு ரயிலில் திரும்புகிறோம். இன்னும் டிக்கெட் போடவில்லை, அதனால் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றிக்கொள்கிறேன்.

ரயில்சிநேகிதன் எழுதியது:

முதலில் நாளை மாற்றுங்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குத் திங்கள் விடுமுறை, எதிரே உள்ள விமான மியூசியமும் அப்படித்தான். நாங்கள் தெரியாமல் திங்கட்கிழமை போய் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம், என் மகன் அழுததை இன்னும் மறக்கவில்லை. மற்ற வார நாட்களில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால் அந்த இரண்டையும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 60 நாள் முன்பு திறக்கிறது, திறந்த அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைப்பது ரொம்ப முக்கியம். பகலில் போவதென்றால் கோரமண்டல், காலையில் ஏறினால் அன்று மாலை இறங்கலாம். பிள்ளைகள் 12 மணி நேரம் உட்கார மாட்டார்கள் என்றால் மாலையில் கிளம்பும் ஹவுரா மெயில், மறுநாள் காலையில் ஊர். வடக்கே போகிற சில ரயில்கள் விசாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குள் போகாமல் துவ்வாடாவில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். ஊருக்குள் வந்தால் என்ஜினை மறுமுனையில் மாட்டித் திருப்பிக் கிளப்ப வேண்டும், அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி. துவ்வாடாவில் இறங்கினால் ஊருக்குள் வர நல்ல தூரம் ஆட்டோவிலோ டாக்சியிலோ போகவேண்டும், பெட்டி, பிள்ளைகள், அம்மா என்று அது வேண்டாத அலைச்சல். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துப் போடுங்கள்.

பொங்கலுக்குத் தள்ளிப்போடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சங்கராந்திக்கு ஆந்திரா முழுக்க ஊருக்குப் போகும், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது.

பீச்ரோடுவாசி எழுதியது:

நான் திருவொற்றியூர்க்காரன், வேலைக்காக வைசாக், அதாவது விசாகப்பட்டினம், வந்து 14 வருடம் ஆகிறது. உங்கள் திட்டத்தில் என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு வரிதான், ஆர்.கே. பீச்சில் குளியல். தயவுசெய்து வேண்டாம். கால் நனைப்பதோடு சரி, அதுவும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அங்கே கரை சட்டென்று சரிகிறது, முழங்கால் அளவு நிற்பவர் அடுத்த இரண்டு அடியில் இடுப்பளவில் இருப்பார். அதைவிட மோசம் இழுப்பு. அலைகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி தேடி ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரு கால்வாய் மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். கரையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும், விவரம் தெரியாதவர்கள் பிள்ளைகளை இறக்கிவிடுவதும் சரியாக அங்கேதான். மாணவர்கள் போனார்கள், திரும்பவில்லை என்ற செய்தியை இந்த 14 வருடத்தில் எத்தனை தடவை படித்துவிட்டேன் என்று எனக்கே கணக்கு இல்லை. யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதை உங்கள் மகனுக்கும் ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரை ஏன் இப்படி என்றால், துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணலை மறித்துவிடுகிறது, வடக்கே இருக்கும் ஆர்.கே. பீச்சுக்கு மணல் வராமல் அரித்துக்கொண்டே போகிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து கொட்டிச் சரிக்கட்டுகிறார்கள். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே எங்கள் ஊர்ப் பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் இதே கதைதான்.

ஆர்.கே. பீச்சுக்கு விடியற்காலையில் போங்கள். பீச் ரோட்டில் அந்த நேரம் வண்டி விடமாட்டார்கள், ஊரே நடக்க வந்திருக்கும், அம்மாவும் சமதரையில் மெதுவாக நடக்கலாம். மாலையில் போனால் வெங்காயமும் எலுமிச்சையும் போட்டுக் கிளறிய பொரி மசாலா பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுங்கள்.

குளிப்பதற்கு ருஷிகொண்டா. நகரத்திலிருந்து 8 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. குளிக்கும் இடத்தைக் குறித்து வைத்திருப்பார்கள், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், குளித்துவிட்டு உடை மாற்ற இடம் உண்டு. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020இல் பெற்ற கடற்கரை. அங்கேயும் குறித்த இடத்தைத் தாண்டாமல், காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். அப்படியே அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் தொட்லகொண்டா வரும். 2000 வருடத்துக்கு முந்தைய பௌத்த மடாலயம், கடலைப் பார்த்த குன்றின் மேல். கடற்படைக்காக வானிலிருந்து இடம் பார்த்தபோதுதான் வெளியே தெரிந்தது. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதால் தெலுங்கில் அந்தப் பெயர், நம் தொட்டியேதான். வண்டி மேலேயே போகும், அம்மா அதிகம் ஏறவேண்டியதில்லை. என் ஊர்க்காரர் யார் வந்தாலும் நான் கூட்டிப்போகிற இடம் இது, சாயங்காலக் காற்றில் அங்கே உட்கார்ந்தால் எழுந்திரிக்க மனம் வராது.

அரக்கோணம்காரர் எழுதியது:

நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்துவிட்டு எதிரே சாலைக்கு அந்தப்புறம் நிற்கும் விமானத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். டியு-142, நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டை விசிறி. கடலுக்கு மேல் மணிக்கணக்காகப் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான் இதன் வேலை. 1988இல் கடற்படையில் சேர்ந்து, 1992இலிருந்து எங்கள் ஊர் அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில் இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது இது தரையிறங்கும் சத்தத்துக்கு வகுப்பே நிற்கும், வாத்தியார் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்தார்கள், அதே வருடம் டிசம்பரில் அங்கே மியூசியம் ஆனது. போய் அதன் வயிற்றுக்கடியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளேயும் ஏறிப் பார்க்கலாம்.

உங்கள் மகனுக்காக: கப்பலின் பெயர் குர்சுரா. சோவியத்தில் கட்டியது, 1969 டிசம்பரில் கடற்படைக்கு வந்தது, 1971 போரில் கடலில் இருந்தது, 2001இல் ஓய்வு, 2002இல் மணலுக்கு இழுத்துவந்து மியூசியம் ஆக்கினார்கள். நீளம் 91 மீட்டர். முன்னால் ஆறு, பின்னால் நான்கு டார்பிடோ குழாய்கள். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களே உள்ளே நின்று விளக்குகிறார்கள், கூட்டம் குறைவாக இருந்தால் பையன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆனால் அம்மாவை அதற்குள் ஏற்றாதீர்கள். படி ஏறிப் போகவேண்டும், ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமான சின்ன வாசல், காலைத் தூக்கி வைத்துக் குனிந்து நுழைய வேண்டும், அது பல தடவை. பாதியில் முடியாது என்றால் பின்னால் வரிசையில் ஆட்கள் இருப்பார்கள், திரும்ப முடியாது. ஒருவர் அம்மாவோடு வெளியே பெஞ்சில் இருங்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

அரக்கு வேண்டாம் என்று நான் சொல்வேன். மலையும் குகையும் அருமைதான், ஆனால் போக 115 கிலோமீட்டர், வர அவ்வளவு. அதிகாலை ரயிலைப் பிடித்து, போரா குகையில் அத்தனை படி இறங்கி ஏறி, ராத்திரி ஓட்டலுக்குத் திரும்பும்போது உங்கள் அம்மாவால் மறுநாள் எழுந்து நடக்க முடியுமா? என் மாமியாரைக் கூட்டிப்போய்விட்டு நான் பட்ட பாடு போதும், அவர் குகை வாசலிலேயே இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அரக்குக்கு இன்னொரு தடவை இரண்டு நாள் ஒதுக்கி வாருங்கள்.

சிம்மாசலத்துக்கு மலைமேல் வரை வண்டி போகும், பயமில்லை. மூலவரை ஆண்டு முழுக்கச் சந்தனம் மூடியிருக்கும், உருவம் தெரிவது அட்சய திருதியை ஒருநாள்தான், அதனால் அங்கே போய் ஏமாற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்து 1098ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. இந்த ஊருக்கே குலோத்துங்க சோழப் பட்டணம் என்று ஒரு பெயர் இருந்தது.

பீச் ரோட்டிலேயே விசாகா மியூசியம் பழைய டச்சு பங்களாவில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான்காரர்கள் இந்த ஊரில் குண்டு போட்டார்கள், அதில் வெடிக்காத ஒன்று அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பையன் பார்க்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அரக்கைத் தூக்கிவிட்டேன். செவ்வாய் காலையில் வந்து சேருகிற மாதிரி ஹவுரா மெயில் பார்க்கிறோம். அன்று மாலை குர்சுராவும் விமானமும், கணவர் பிள்ளைகளோடு உள்ளே போவார், நான் அம்மாவோடு வெளியே. புதன் காலை ருஷிகொண்டா குளியல், மாலை தொட்லகொண்டா. வியாழன் சிம்மாசலமும் விசாகா மியூசியமும்.

சிந்தியா பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலையும், ராத்திரியில் அதன்மேல் சுற்றும் விளக்கும், பக்கத்துப் பக்கத்தில் கோயில், மசூதி, சர்ச் இருக்கும் மூன்று குன்றுகளும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதாம். அதெல்லாம் இன்னும் இருக்கிறதா?

பீச்ரோடுவாசி எழுதியது:

மன்னிக்கவும், முக்கியமானதை நான் விட்டுவிட்டேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த மலைதான் டால்பின் நோஸ், கலங்கரை விளக்கம் இப்போதும் அதன்மேல்தான். மூன்று குன்றுகள் துறைமுக வாய்க்கு அருகே பழைய ஊர்ப் பக்கம்: ரோஸ் குன்றில் மாதா கோயில், அடுத்ததில் தர்கா, மூன்றாவதில் வெங்கடேசர். சிந்தியா என்பது கப்பல் தளத்தைத் தொடங்கிய கம்பெனியின் பெயர், கம்பெனி கை மாறி இந்துஸ்தான் ஷிப்யார்ட் ஆன பிறகும் அந்தப் பகுதிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கப்பல் ஜல உஷாவை 1948இல் நேரு கடலில் இறக்கியது அங்கேதான்.

உள்ளே விடமாட்டார்கள், கடற்படைப் பகுதியும் ஒட்டியே இருப்பதால் கண்ட இடத்தில் போட்டோ எடுக்காதீர்கள். ஆனால் யாராடா கடற்கரைக்குப் போகிற வழி சிந்தியா ஜங்ஷன் வழியாகத்தான். வியாழன் மியூசியத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, மதியம் ஒரு கார் பேசி யாராடா போங்கள். சிந்தியாவில் இறக்கிவிடச் சொல்லி, அம்மாவை அந்தச் சாலையில் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் கார் மலை ஏறும், வளைவில் துறைமுகம் முழுக்கத் தெரியும். யாராடாவில் அலை கடுமை, யாரும் இறங்க வேண்டாம், மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். ராத்திரி ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். தெலுங்கு பேச ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அன்று நான் வீட்டில்தான் இருப்பேன்.

வைகைக்கரை எழுதியது:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தெலுங்கு தனக்கு இன்னும் வரும் என்கிறார். வியாழன் மதியம் யாராடா என்று எழுதிக்கொண்டேன்.