நம்ம வீடு: மாடி ரூம் டேப்

[காலை 10:42] கவிதா: யாரு நெட்டை இழுத்துட்டு இருக்கீங்க? மீட்டிங்ல என் குரல் விட்டு விட்டுக் கேக்குதாம். மூணு தடவை "மறுபடி சொல்லுங்க"ன்னுட்டாங்க. மானம் போகுது

[10:43] அம்மா: நான் போனையே தொடலடி

[10:44] அப்பா: கணக்கு போட்டுப் பாத்தேன். நம்ம பிளான் 100 எம்பிபிஎஸ். வைஃபைல 11 மாட்டியிருக்கு. வகுத்தா ஆளுக்கு 9தான். சும்மா கிடக்கிற பழைய போனையெல்லாம் ஆஃப் பண்ணுங்க

[10:46] பிரபு: அப்பா, அப்படிப் பங்கு பிரிக்கிறதே இல்ல. சும்மா கிடக்கிற போன் அப்பப்போ "இருக்கேன்"னு ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். 9ஐ மடியில கட்டி வச்சுக்காது

[10:46] பிரபு: சரி, உங்க கணக்கே இருக்கட்டும். வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம். அப்புறம் ஏன் அக்காவுக்கு விட்டு விட்டுக் கேக்குது?

[10:47] அப்பா: அதானே

[10:49] பிரபு: ஒரு சேனல்ல, அதாவது வைஃபை பேசற ஒரு அலைவரிசைல, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ரவுட்டரும் அதுல ஒரு ஆள்தான். பேசறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கும். யாரும் பேசலைன்னா மனசுக்குள்ள ஏதோ ஒரு எண் வரைக்கும் எண்ணிட்டு வாயைத் திறக்கும். ரெண்டு பேர் ஒண்ணா ஆரம்பிச்சுட்டா ரெண்டும் வீண். மறுபடி முதல்லேருந்து

[10:50] சித்தப்பா: நம்ம வீட்டுக் கூடத்துலயும் இப்படி ஒரு சட்டம் இருந்தா தேவலை

[10:50] கவிதா: சித்தப்பா 😂

[10:53] பிரபு: அதனால நாம பங்கு போடறது நேரத்தை. கிட்ட இருக்கிற லேப்டாப் 300 எம்பிபிஎஸ் வேகத்துல பேசும். ரெண்டு சுவருக்கு அந்தாண்ட இருக்கிறது, ரவுட்டருக்குப் புரியணுமேன்னு நிறுத்தி நிதானமா 6ல பேசும். ஒரு பாக்கெட், அதாவது ஒரு தடவைல அனுப்பற டேட்டா பொட்டலம், 1500 பைட், அதாவது 12,000 பிட். 300ல அது 0.04 மில்லி செகண்ட். 6ல 2 மில்லி செகண்ட். அதே சரக்கு, 50 மடங்கு நேரம். அதுவரைக்கும் மத்த எல்லாரும் வாயை மூடிட்டு நிக்கணும்

[10:54] கவிதா: அப்போ பிளானை 200 ஆக்கினா?

[10:54] பிரபு: அது வாசல் வரைக்கும் வர்ற கேபிளுக்கு. உள்ள நடக்கிற கூத்து அப்படியேதான் இருக்கும்

[10:56] சித்தப்பா: பக்கத்து வீட்டு வைஃபையும் இடிக்குமா? மாடிப்படில ஒரு ரிப்பீட்டர் போட்டுடலாமா?

[10:58] பிரபு: இடிக்கும். நம்ம வைஃபை ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைல ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்கிற சேனல் 1, 6, 11 மூணுதான். அவங்களும் நம்ம சேனல்ல இருந்தா, பாஸ்வேர்டு வேறயானாலும் வரிசை ஒண்ணுதான். ரிப்பீட்டர் வேண்டாம் சித்தப்பா. ஒரே ரேடியோ உள்ளதுன்னா கேட்டதையே அதே சேனல்ல இன்னொரு தடவை ஒப்பிக்கும்

[11:00] அம்மா: ஏண்டா, மாடி ரூம்ல அந்தப் பழைய டேப் சார்ஜ்ல கிடக்கே. காலைல பெருக்கப் போனப்ப தொட்டா சூடா இருந்துச்சு

[11:00] பிரபு: கொஞ்சம் போய் ஸ்கிரீனைப் பாரும்மா

[11:04] அம்மா: சிக்னல் ஒரே ஒரு கோடு. பேக்கப், மீதி 2,316ன்னு ஓடுது. இப்போ ஏறிட்டு இருக்கிற படம் உங்கப்பாவோட கட்டைவிரல்

[11:05] கவிதா: அப்பா!!!

[11:05] அப்பா: நேத்து ராத்திரி போட்டேன்மா. விடிஞ்சா முடிஞ்சிரும்னு நெனச்சேன்

[11:07] பிரபு: ஒரு கோட்டுல எங்க முடியறது. கீழ எடுத்துட்டு வந்து ரவுட்டர் பக்கத்துல வைங்கப்பா. அக்கா, உன் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு மாத்து. டேப்புக்கு அது தெரியாது, அது பின்னாடி நீ வரிசைல நிக்க வேண்டாம்

[11:15] கவிதா: இப்போ கணீர்னு கேக்குதாம்

[11:31] அப்பா: கீழ வச்சதும் சரசரன்னு ஏறுது. மீதி 1,480. கட்டைவிரல் படத்தை அழிச்சுட்டேன்

[11:32] அம்மா: அதுல இன்னும் நாலு இருக்குங்க