அண்ணனின் கடன் பாக்கியும் அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸும்: படிவத்தில் எதை எழுதுவது?

கடைமடை (பேராவூரணி பக்கம்):

அண்ணனுக்காகக் கேட்கிறேன். மேரிலாண்டில் இருக்கிறார், 2021-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். ராணுவத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியக் காகிதங்களைப் பார்க்க அனுமதி, வந்தால்தான் உறுதி. அதற்கான எஸ்எஃப்-86 படிவத்தில் கடன் பற்றிக் கேட்கும் 26-ஆம் பிரிவு வரை வந்து ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் தோப்பில் 170 தென்னை சாய்ந்தது. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கையில் காசில்லை. அண்ணன் அங்கே பர்சனல் லோன் போட்டு அனுப்பினார். 2020-இல் கொரோனாவில் அவர் வேலை போய், ஏழு மாதம் சும்மா இருந்தார். லோனும் இரண்டு கிரெடிட் கார்டும் நின்றுபோயின, சுமார் 14,000 டாலர். ஒரு கார்டு பாக்கியை பேங்க் வராக்கடனாக எழுதி வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டது. மறுபடி வேலை கிடைத்த பிறகும், வெட்கமோ பயமோ, அவர்கள் போனை இவர் எடுக்கவே இல்லை.

நண்பர் ஒருவர் "2027 வந்தால் ஏழு வருஷம், தானாக அழிந்துவிடும், பேசாமல் விடு" என்கிறாராம். இங்கே ஊரில் "பாஸ்போர்ட் வெரிபிகேஷன் மாதிரிதான், ஸ்டேஷனில் கேஸ் இல்லையென்றால் போதும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

வெட்டாறு:

அமெரிக்கா எனக்குத் தெரியாது. என் தங்கைக்கு இங்கே பேங்க் வேலை வந்தபோது பழைய கல்விக்கடன் பாக்கி சிபில் ரிப்போர்ட்டில் நின்றது. பணத்தைக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணனும் மொத்தமாகக் கட்டிவிட்டால் அந்தப் பிரிவில் எழுதவே வேண்டாமே?

குடமுருட்டி (ஊர் திருவையாறு, இப்போது வர்ஜீனியா):

வெட்டாறு சொல்வதில் பாதி சரி. கட்டுவது நல்லது. கட்டிவிட்டால் எழுத வேண்டாம் என்பதுதான் ஆபத்து. கடந்த ஏழு வருஷத்தில் எந்தக் கடனாவது 120 நாளுக்கு மேல் நின்றதா, வசூலுக்குப் போனதா, வராக்கடனானதா என்று கேட்பார்கள். பிறகு தீர்த்திருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் எப்படியும் கிரெடிட் ரிப்போர்ட் எடுப்பார்கள். அதில் இருப்பது படிவத்தில் இல்லையென்றால் கடன் விஷயம் பொய் விஷயமாக மாறிவிடும். கிளியரன்ஸ் விதிகளில் பணத்தைப் பார்ப்பது எஃப் வழிகாட்டி, நேர்மையைப் பார்ப்பது ஈ வழிகாட்டி. எஃப்-இல் மாட்டியவர்கள் பலர் மீண்டு வந்திருக்கிறார்கள். தெரிந்தே மறைத்து ஈ-யில் மாட்டினால் மீள்வது கடினம்.

இத்தனை டாலருக்கு மேல் போனால் கிடையாது என்று வரம்பு எதுவும் இல்லை, தம்பி. 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள அந்த விதிகளில் பயம் இரண்டுதான். ஒன்று, பண நெருக்கடியில் இருப்பவனை யாராவது விலைக்கு வாங்கிவிடலாம். இன்னொன்று, வாக்குக் கொடுத்த கடனையே கவனிக்காதவன் ரகசியக் காகிதத்தைக் கவனிப்பானா என்பது. அதே விதிகளில் தணிப்புக் காரணங்களும் இருக்கின்றன: வேலை இழப்பு, மருத்துவ அவசரம் போல நம் கையில் இல்லாத காரணம், அப்போதும் பொறுப்பாக நடந்துகொண்டது, நல்ல மனதோடு அடைக்கத் தொடங்கியது. உங்கள் அண்ணனுக்குக் காரணம் வலுவாக இருக்கிறது. இடறுவது அந்த போன் எடுக்காத காலம்தான்.

அதனால் ஏழு வருஷக் கணக்கை விடச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டிலிருந்து மறைவது வேறு, கடனைத் தீர்ப்பது வேறு. காலாவதியாகட்டும் என்று உட்கார்ந்திருந்ததை அங்கே நல்ல மனதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இன்றைக்கே இலவசமாக எடுக்கலாம். கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதித் தவணை பேசட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டியதில்லை. நடக்கக்கூடிய திட்டமும், அதன்படி மாதாமாதம் கட்டிய ரசீதும் வேண்டும்.

எனக்கு ஆஸ்பத்திரி பில் பாக்கி இருந்தது. கிளியரன்ஸை மறுப்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்திக் கடிதமே வந்துவிட்டது, பதில் எழுத 20 நாள். அதற்கு முன்பே எட்டு மாதம் தவணை கட்டியிருந்ததால் தப்பித்தேன். கடிதம் வந்த பிறகு அவசரமாகக் கட்டினால் அந்த மதிப்பு கிடைக்காது.

கடைமடை:

நன்றி அண்ணே. இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். புயலுக்கு அப்புறம் தாய்மாமாவிடம் 3 லட்சம் வாங்கியதற்கு அண்ணன் பெயரில் புரோநோட் இருக்கிறது. அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். மூன்று வருஷம் தாண்டினால் நோட்டு செல்லாதாம். அந்தப் பக்கத்தில் இனி எழுத இடமில்லை. இதையும் சொல்ல வேண்டுமா?

குடமுருட்டி:

உங்கள் மாமா விவரமானவர்! கேட்டவுடன் தருகிறேன் என்ற நோட்டுதானே? அவர் கேட்டு இவர் கொடுக்காமல் நின்றால்தான் அது பாக்கி. அந்த நிலை இல்லையென்றால் 26-இல் வராது. ஆனால் பாசமோ கடமையோ உள்ள வெளிநாட்டவர் தொடர்பு என்று 19-ஆம் பிரிவு கேட்கும், மாமா அங்கே வருவார். தோப்பு அண்ணன் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், வெளிநாட்டுச் சொத்து பற்றிக் கேட்கும் 20ஏ பிரிவில் வரும். நேரில் பேச வரும் விசாரணையாளரிடம் நோட்டு விஷயத்தை இவரே முதலில் சொல்லிவிடட்டும்.

புயலுக்குக் காகிதம் ஏதாவது இருக்கிறதா? 2020 வேலை நீக்கக் கடிதமும் வேண்டும்.

கடைமடை:

கடிதம் அண்ணன் மெயிலில் இருக்கிறது. மூன்று பேரிடமும் தவணை பேசிவிட்டார், முதல் தவணை போன வெள்ளிக்கிழமை போய்விட்டது. படிவத்திலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நான் பரணில் அப்பாவின் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்தேன். தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று அரசு கொடுத்தது, மொத்த வரவு 1,76,000. அப்படியென்றால் கணக்கில் 160 மரம்தான் வருகிறது. நாங்கள் இத்தனை வருஷமாக 170 என்றே சொல்லி வந்திருக்கிறோம். எதை எழுதுவது?

குடமுருட்டி:

காகிதத்தில் இருப்பதை. 160.

கடைமடை:

அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தப் பத்து மரமும் வாய்க்கால் ஓரம் நின்றன, எண்ண வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை என்கிறார்.